பாகால் என்னும் பெயர்

பழைய ஏற்பாட்டில் கானானியர் தெய்வமாகப் பேசப்படும் பாகால், முதற்கண் ஒரு தெய்வத்திற்கே உரிய சிறப்புப் பெயர் அன்று. எபிரேய மொழியில் ‘பஅல்’ என்பது உடையவன், தலைவன், கணவன் என்னும் பொருள்தரும் பொதுப்பெயராகும். மாட்டிற்கு உரியவன் மாட்டின் ‘பஅல்’. கனவு கண்ட யோசேப்பு, தன் உடன்பிறந்தார் வாயில் கனவுகளின் ‘பஅல்’. அக்காதிய மொழியின் ‘பேலு’ என்பதும் இதற்கு இனமான சொல்லே.

இப்பொதுப்பெயர் சிறப்புப் பெயரான நிலையை உகாரித்துக் களிமண் ஏடுகள் காட்டுகின்றன. சிரியக் கடற்கரையை அடுத்த ராஸ் சம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்ட அவை, கி. மு. 14, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவற்றுள், இடிக்கும் மழைக்கும் இறைவனாகிய ஹதாது, ‘பஅல்’ என்றே பெரிதும் சுட்டப்படுகின்றான்.

ஈண்டு ஒரு வினா எழும். சவுல் மன்னன் தன் மக்களுள் ஒருவனுக்கு ‘யாவே அளித்தான்’ எனப் பொருள்படும் யோனத்தான் என்னும் பெயரையும், மற்றொருவனுக்கு எஸ்பால் என்னும் பெயரையும் இட்டது எங்ஙனம்? அந்நாளில் இஸ்ரவேலர் தம் இறைவனையும் ‘பஅல்’ என அழைத்தனர் எனக் கொள்ளின் இம்முரண் நீங்கும். ‘யாவேயே தலைவன்’ எனப் பொருள்படும் பிகலியா என்னும் பெயர் இதற்குச் சான்றாகும். கி. மு. 8-ஆம் நூற்றாண்டினரான ஓசியா, இறைவனை இனி ‘என் பஅல்’ என்னாது ‘என் கணவன்’ என்றே அழைக்கும் நாள் வரும் என்று கூறுதலும், முன்னைய வழக்கினை உணர்த்தும்.

நாளாகமத்தில் எஸ்பால் எனப்படுபவன் சாமுவேல் நூலில் இஸ்போசேத் ஆகின்றான். மெரிபால் மேவிபோசேத் ஆகின்றான். ‘போசேத்’ என்பதற்கு நாணம், இழிவு என்பன பொருள். தெய்வப் பெயரை வெறுத்த ஏடெழுதுவோர் அதனை மாற்றினர் என்பது பெரும்பான்மையோர் கருத்து. அக்காதியச் சொல்லொன்றோடு ஒப்பிட்டு, ‘போசேத்’ மாண்பு குறித்ததே என்பாரும் உளர். எனினும், எஸ்பால் என்னும் பெயர் பண்டு வழங்கியமை ஐயத்திற்கு இடமற்றது. கிர்பெத் கெயாபாவில் 2012-இல் கிடைத்துப் 2015-இல் வெளியிடப்பெற்ற, ஏறத்தாழ கி. மு. 1000-ஐச் சார்ந்த சாடியொன்றில், வேறொருவன் பெயராக அது பொறிக்கப்பட்டுள்ளது.

சாமுவேல் நூலுக்குப் பிற்பட்ட நாளாகமமே இங்கு முற்பட்ட பெயர்வடிவைக் காத்துள்ளது. ஆதலின், நூலின் காலமும் அதனுள் அமைந்த பாடத்தின் காலமும் ஒன்றே எனத் துணிதல் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.