கிடை கிடந்த இடம்

எங்கள் தாத்தா ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரி. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பொட்டலில், அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவார். ஒருமுறை மழைக்குப் பின் என்னைப் பழைய கிடைக்கு அழைத்துப் போய்க் குனிந்து காட்டினார். ஆட்டுப் புழுக்கையைப் பிளந்துகொண்டு சீமைக்கருவைக் கன்றுகள் வரிசையாக நின்றன. “இது நம்ம ஆடு விதைச்சதுடா” என்றார்.

இந்த மரத்தை முதலில் விதைத்தது அரசாங்கம். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் 1876-இல் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877-இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. வறண்ட நிலத்துக்கு விறகு தேவைப்பட்டது. பிறகு வேலிக்கென்று ஊர் ஊராக வந்தது. வேலியைத் தாண்டியது நெற்றின் வேலை.

கோடையில் புல் கருகிக் கிடக்கும்போது மஞ்சள் நெற்று உதிரும். இனிப்புச் சதைக்குள் 10 முதல் 30 விதைகள். சதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதைகளில் பல செரிக்காமல் எருவோடு விழும். கிடை போட்ட வயலும் மாடு இறங்கும் கண்மாயும் அப்படித்தான் கருவைக்காடாயின. தரையோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து தழைக்கும்.

பனை அப்படியில்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கனத்த பழம் மரத்தடியிலேயே விழும். பாளை விட 10 ஆண்டுக்கு மேலாகும்; கொண்டையை வெட்டினால் மரம் முடிந்தது. எங்கள் கண்மாய்க் கரையில் பனை வரிசையாக நிற்கிறதென்றால், யாரோ கொட்டையைச் சுமந்து வந்து ஊன்றினார்கள் என்று பொருள்.

கருவையை நான் சபிக்க மாட்டேன். மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் கரிமூட்டக் கூலியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் கண்மாய்க்குள் அது அடைத்து நின்றால் நீருக்கு இடமில்லை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது இயந்திரம் வந்து பெருமரங்களைப் பிடுங்கியது. மண்ணில் கிடந்த விதையை யாரும் எண்ணவில்லை. அடுத்த மழைக்கே கண்மாய் மறுபடி பச்சையானது.

இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறோம். மழை விட்டதும், ஈரம் காய்வதற்குள், கருவைக் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறேன். தாத்தா கிடை போட்ட வயல்களிலிருந்துதான் தொடங்குகிறேன்.