பரத்பூர்ப் பறவைகளும் கல்லில் எழுதிய கணக்கும்

டில்லியிலிருந்து மதுரா வழியாக மும்பைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் பரத்பூர் நிலையத்தைக் கடந்து சென்ற குடும்பங்கள் நம் காலனியில் பல. ஆயினும் அங்கு இறங்கிக் கேவலாதேவ் பறவைகள் வனத்தைக் கண்டோர் மிகச் சிலரே. புல்வெளியும் சதுப்பு நிலமும் கலந்து, சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் விளங்கும் அவ்விடத்தின் சரித்திரத்தை அன்பர்கள் பொருட்டுச் சுருங்க உரைக்க முற்படுகிறோம்.

அதனை இயற்கை மட்டுமே படைத்துவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜாட் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை எழுந்தது. ஆற்று வெள்ளம் பாய்ந்து ஆங்கிருந்த பள்ளம் ஏரியாயிற்று. பின்வந்த அரசர்கள் கரைகளும் மதகுகளும் அமைத்து அதனை வாத்து வேட்டைக் களமாக்கினர். 1902-இல் கர்ஸன் பிரபுவும் அங்கு வேட்டையாடினார்.

கேவலாதேவ் சிவன் கோயிலருகே உள்ள கற்பலகைகளில் அவ்வேட்டைகளின் கணக்கு இன்றும் காணக்கிடக்கிறது. 1938 நவம்பர் 12-ஆம் நாள், லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது வீழ்ந்த பறவைகள் 4,273. நாள்தோறும் பேரேட்டில் தொகை எழுதிப் பழகிய நமக்கும் அக்கணக்கைக் கூட்டிப் பார்க்க மனம் வருவதில்லை.

சுதந்திரத்திற்குப் பின், நீரை வடித்து நிலத்தை உழவுக்கு அளிக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. அதனைக் காக்க வாதாடியவர்களுள் பறவையியல் அறிஞர் சாலிம் அலி தலையாயவர். 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலக பாரம்பரியச் சின்னமாயிற்று.

ஆனால் 1982-இல் கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டபோது கிராமத்தார் கிளர்ந்தனர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். பின்னர் நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. எருமைகள் தின்னாத நீர்ப்புல் மண்டி ஏரிகளை அடைத்தது. பறவைகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டுகள் ஆராய்ந்து இவ்வுண்மையை வெளியிட்டனர். பகையென்று விலக்கிய எருமையே காவலாளியாய் இருந்தது! பிறகு புல் அறுத்துச் செல்லக் கிராமத்தாருக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்து வந்தது தண்ணீர்த் துன்பம். கரௌலிப் பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின் கம்பீர் ஆற்றின் வரத்துக் குன்றியது. சில ஆண்டுகளில் ஏரிகள் வறண்டன. உழவரின் வயலும் தாகமுடையதே. பறவையின் ஏரியும் தாகமுடையதே. இவ்வழக்கில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் நீர் கொணர்ந்து குறையை ஓரளவு ஈடுசெய்தனர். எனினும் சைபீரியாவிலிருந்து குளிர்காலந்தோறும் வந்த வெண்கொக்குகள் 2002-க்குப் பின் அங்கு காணப்படவில்லை. நெடுவழியில் அவை பட்ட வேட்டைத் துன்பமும் அதற்கொரு காரணம்.

வாத்துகளும் நாரைகளும் இன்றும் வருகின்றன. வேடந்தாங்கலில் நாம் கண்ட மஞ்சள் மூக்கு நாரை அங்கும் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்கால விடுமுறையில் அன்பர்கள் குழந்தைகளுடன் ஒருமுறை சென்று வருக. பறவைகளைக் காட்டுக, அக்கற்பலகைகளையும் தவறாமல் படித்துக் காட்டுக. கொல்வதற்குச் சில மணி நேரம் போதும், காப்பதற்கு நீரும் புல்லும் அண்டை அயலாரின் மனமும் ஒருங்கே வேண்டும் என்பதை இளையோர் அங்கு கண்கூடாக உணர்வர்.