விற்றவர் விடைபெற்ற பின்னர்

ஒரு பொருளை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். அதைப் பேணுவதற்கோ ஆண்டுகள் பல வேண்டும். ஆயினும் நம் வரலாற்று நூல்கள் வாங்கிய நாளையே பெரிதும் போற்றுகின்றன. இன்ன ஆண்டில் நாட்டிற்கு முதல் புகைவண்டி வந்தது, இன்ன ஆண்டில் முதல் மின் நிலையம் எழுந்தது என்று எழுதுகின்றன. அவற்றைப் பின்னர் ஓடச் செய்தவர் யார், பழுதுபட்டபோது உதிரிப் பாகம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களைக் கேட்பவர் சிலரே. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் அவ்வினாவை இன்று மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு நான் வாழும் நெய்வேலியிலேயே இருக்கிறது.

முதலில் நம் பழைய கிராமத்தைக் காண்போம். உழவன் ஒருவன் மாட்டுவண்டி செய்வித்துக்கொண்டால், அதைச் செய்த தச்சர் அவ்வூரிலேயே வாழ்ந்தார். சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போட்ட கொல்லரும் அங்கேயே இருந்தார். ஆரக்கால் தளர்ந்தாலும், அச்சு முறிந்தாலும், அவர்கள் பட்டறைக்கு வண்டியை ஓட்டிச் சென்றால் போதும். அந்த வேலைக்கு அவ்வப்போது காசு கொடுப்பதில்லை. அறுவடை முடிந்ததும் களத்து மேட்டிலேயே அவர்களுக்குரிய நெல்லை அளந்து கொடுத்தனர். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். ஆண்டு முழுவதும் கலப்பையையும் வண்டியையும் பழுது பார்ப்பதற்கு ஆண்டுக்கு ஒருமுறை அளிக்கும் ஊதியம் அது. பிறப்பினால் தொழிலை வரையறுத்த அம்முறையில் நீதிக்கேடுகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு நன்மையும் இருந்தது. செய்தவனும் பயன்படுத்தியவனும் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஆதலால் வண்டி செய்தவன் தன் வேலைக்குப் பொறுப்பேற்காமல் இருக்க முடியவில்லை.

மோட்டார் வண்டி வந்தபோது இந்த உறவு அறுந்தது. வண்டியைச் செய்தவர் கடலுக்கு அப்பால் இருந்தார். இங்கே ஓர் அச்சு உடைந்தால் அங்கே அவருக்குத் தெரியப்போவதில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் பேருந்து ஓட்டியவர்களே. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தம் தொழிலைத் தொடங்கினார். கோவைப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். குறித்த நேரத்தில் பேருந்து புறப்பட வேண்டுமானால், பட்டறையும் பயின்ற தொழிலாளரும் உதிரிப் பாகக் கிடங்கும் உடன் இருக்க வேண்டும் என்பதை இவர்கள் தம் பட்டறிவால் கண்டனர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்து வாயுவாக்கி வண்டியை ஓட்டும் கலங்களை மதுரை நிறுவனமே செய்து அளித்தது. நாளடைவில் வண்டி விற்றவர் வண்டிப் பாகங்களைச் செய்பவராகவும் வளர்ந்தார். சென்னைக்கு அருகே பாடியில் 1961-இல் லூகாஸ் டிவிஎஸ், 1962-இல் பிரேக்ஸ் இந்தியா என அந்நிறுவனத்தார் வெளிநாட்டாரோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலைகளை எழுப்பினர். விற்பனை, பழுது பார்த்தல், உற்பத்தி என்னும் மூன்று படிகளைத் தமிழ்நாடு ஏறிய வரலாறு இது.

அதே ஆண்டுகளில் நெய்வேலி இதனினும் பெரியதொரு சோதனையை எதிர்கொண்டது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். இதற்காகப் பல கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலங்களைவிட்டு எழுந்து சென்றனர். இதை நினைவில் வைத்தால்தான் பின்வரும் செய்திகளின் கனம் விளங்கும். அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில் ஓர் இயந்திரம் பழுதாகிச் சும்மா நிற்குமானால், அது பண நட்டம் மட்டுமன்று. அவர்களுக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

சுரங்கத்திற்கான பெரும் அகழ்வு இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. அகழ்வு இயந்திரத்தை நேரில் காணாதவர்களுக்காக அதன் உருவத்தைச் சொல்கிறேன். நீண்ட கை ஒன்றின் நுனியில் மாபெரும் சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிலும் பற்கள் பொருத்திய வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓடும் பட்டையின்மேல் கொட்டும். அப்பட்டை மண்ணை நெடுந்தொலைவு கொண்டு சென்று சேர்க்கும். பின்னாளில் ஒவ்வொரு வாளியும் 700 லிட்டரும் 1400 லிட்டரும் கொள்ளும் இயந்திரங்கள் வந்தன. பேருந்து பழுதானால் பட்டறைக்கு இழுத்துச் செல்லலாம். மாளிகை போன்று உயர்ந்த இதை எங்கே இழுத்துச் செல்வது? பட்டறைதான் இதனிடம் வந்தாக வேண்டும்.

வேறொரு சிக்கலும் இருந்தது. இத்தகைய இயந்திரங்கள் பெயர்பெற்ற இடம் ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதி. அங்கே நிலக்கரியின்மேல் கிடப்பவை பெரும்பாலும் இளகிய மணலும் சரளையும் களிமண்ணும் ஆகும். நெய்வேலியிலோ நிலக்கரியை மூடியிருப்பது கடலூர் மணற்கல். ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட அந்த அடுக்கில் பல இடங்கள் உளிக்கும் இளகாதவை. வாளியின் எஃகுப் பற்கள் அம்மணற்கல்லில் விரைந்து தேய்ந்தன. எனவே துளையிட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னரே இயந்திரத்தைச் செலுத்த வேண்டியதாயிற்று. மழைக்காலத்திலோ ஈரக் களிமண் வாளியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. விற்றவர் கொடுத்த விளக்க நூலுக்கு நெய்வேலி மண்ணின் குணம் தெரியாது. அதை இங்கே உழைத்தவர்கள்தாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நிலக்கரிக்குக் கீழே இன்னொரு பகைவனும் காத்திருந்தான், அது தண்ணீர். அடியிலுள்ள மணல் அடுக்கில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர், மேலேயுள்ள மண்ணை அகற்ற அகற்றப் பீறிட்டு எழ முயலும். ஆகையால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து வருகின்றனர். எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் பல டன் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. நீர் இறைக்கும் பொறிக்கு விடுமுறை கிடையாது. 'விற்றவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். விடை வரும்வரை பொறுத்திருப்போம்' என்று அங்கே எவரும் சொல்ல முடியாது.

இத்தனை இடர்களுக்கும் இடையே 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் 50 மெகாவாட் திறனுடைய முதல் மின்னாக்கி இயங்கிற்று. 1970-க்குள் நிலையத்தின் திறன் 600 மெகாவாட் ஆயிற்று. அந்தக் காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி மிக அருகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு பாகம் வரவழைக்கவும் உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்தபின் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அகழ்வு இயந்திரம் நின்றால் ஓடும் பட்டை நிற்கும். பட்டை நின்றால் கொதிகலனுக்கு எரிபொருள் குறையும். அதன் விளைவை எங்கோ ஒரு சிற்றூரில் விளக்கடியில் படிக்கும் பிள்ளை உணரும். ஆகவே, தேய்ந்த பல்லின்மேல் கடினமான உலோகத்தை உருக்கிப் பற்றவைத்து மீண்டும் கூராக்குவதும், பட்டையின் கிழிசலை இணைப்பதும், உடைந்த பாகத்தின் அளவை எடுத்து உள்நாட்டிலேயே செய்விப்பதும் நெய்வேலியின் அன்றாடக் கல்வியாயின.

அந்தக் கைத்திறனை நான் ஒருமுறை அருகிலிருந்து கண்டேன். நான் பணியாற்றிய பள்ளிக்கு வினாத்தாள் படியெடுக்கும் பொறி ஒன்று வாங்கினோம். விற்பனையாளர் இனிக்க இனிக்கப் பேசிப் பொறியை இறக்கிக் கொடுத்துச் சென்றார். ஆறு திங்களில் அதன் பல்சக்கரம் ஒன்று முறிந்தது. மூன்று கடிதங்கள் எழுதினோம், விடை இல்லை. நேரில் ஆளனுப்பினோம், அந்த வகைப் பொறியை இப்போது விற்பதில்லை என்ற மறுமொழி மட்டும் வந்தது. அரையாண்டுத் தேர்வு வினாக்களை ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். செய்தியறிந்த மாணவர் ஒருவரின் தந்தை, சுரங்கத்தில் பிட்டராகப் பணிபுரிந்தவர், முறிந்த சக்கரத்தை வாங்கிச் சென்று, இரும்புத் துண்டொன்றை அராவி அதே அளவில் புதிய சக்கரம் செய்து கொண்டுவந்தார். கூலி கொடுக்க முனைந்தபோது, "சார், வித்தவருக்கு அது ஒரு சரக்கு. நமக்கு அதனாலதானே வேலை நடக்குது" என்று சொல்லிப் புன்னகைத்தார். நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்க முயன்ற பொருளாதாரப் பாடம் அவருடைய இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

இனி, இப்பேச்சின் மையமான செய்திக்கு வருகிறேன். இயந்திரம் விற்ற மேற்கு ஜெர்மனி 1990-இல் கிழக்கோடு இணைந்து ஒரே நாடாயிற்று. மின் நிலையத்திற்கு உதவிய சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்து மறைந்தது. கடை மூடுவதுண்டு, ஆலை மூடுவதுண்டு, விற்ற நாடே இல்லாமற்போவதை எந்த ஒப்பந்தம் எதிர்பார்க்கும்? ஆயினும் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் அதன்பின்னும் ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து, 2020 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் 58 ஆண்டுகள். அந்த நெடுவாழ்வை அளித்தது விற்றவரின் உறுதிமொழித் தாள் அன்று. நெய்வேலியின் வட்டங்களில் குடியிருந்து, முறை வைத்து இரவும் பகலும் பணிக்குச் சென்ற தொழிலாளரும் பொறியாளரும் அளித்தது அது.

பராமரிப்பு என்பது இயந்திரத்தின் ஆயுளை மட்டும் பற்றியதன்று. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். நெய்வேலியில் அந்தத் துயரை மறந்தவர் இல்லை. இத்தகைய இயந்திரங்களின் அருகே நாள்தோறும் மனிதர் நிற்கின்றனர் என்பதை நினைத்தால், அவற்றைப் பேணும் வேலையை எவரும் சிறு வேலை என்று கருதமாட்டார்.

காலம் இப்போது ஒரு சுற்றுச் சுற்றிவந்திருக்கிறது. 1960-களில் திருச்சிராப்பள்ளி அருகே எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை கொதிகலன்கள் செய்வதில் பெயர் பெற்றது. பழைய நிலையத்திற்கு மாற்றாக, 500 மெகாவாட் திறனுடைய இரண்டு அலகுகளோடு நெய்வேலியில் புதிய நிலையம் அமைந்து, 2019-க்கும் 2021-க்கும் இடையே இயங்கத் தொடங்கியது. அதற்குக் கொதிகலன் வழங்கியது அந்த நிறுவனமே. கடல் கடந்திருந்த விற்பனையாளர் நம் நாட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். ஊர்த் தச்சரைப்போல இவரையும் நாம் நேரில் காணலாம்.

தனி மனிதர் வாங்கும் பொருளுக்கும் இப்பாடம் பொருந்தும். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டின் சட்டமும் பொருளின் குறையைப் போலவே சேவையின் குறையையும் முறையிடத்தக்க குற்றமாக ஏற்றுள்ளன. சட்டம் நமக்குத் துணை. ஆனால் விழிப்பு முன்னே செல்ல வேண்டும். நாளை நீங்கள் மிதிவண்டி வாங்கலாம். மோட்டார் வண்டி வாங்கலாம். மேலைநாட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியைக்கூட வாங்கலாம். விலையைக் கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? உதிரிப் பாகம் எத்தனை நாளில், எத்தனை ஆண்டு வரை கிடைக்கும்? விற்றவர் இல்லாமற்போனால் இதை ஓட்ட நமக்குத் தெரியுமா?

முதல் இரண்டு வினாக்களுக்கும் விற்பவர் விடை சொல்வார். மூன்றாவது வினாவுக்கு வாங்குபவரே விடை தேட வேண்டும். அந்த விடையைத் தேடிக்கொண்ட நாடுதான் தான் வாங்கிய இயந்திரத்திற்கு உண்மையில் உரிமையுடையதாகும். படிப்பு முடித்து வெளியே செல்லும் உங்களுள் சிலர் புதிய இயந்திரங்களைப் படைப்பீர்கள், அது பெருமைக்குரியதே. மற்றும் சிலர் பிறர் படைத்த இயந்திரத்திற்கு எண்ணெயிட்டு, திருகை முறுக்கி, தேய்ந்த பல்லை மாற்றி அதை ஓடச் செய்வீர்கள். வரலாற்று நூல்கள் உங்கள் பெயரை எழுத மறந்தாலும், எரிகின்ற ஒவ்வொரு விளக்கும் உங்கள் உழைப்பைச் சொல்லும்.