சுத்தியலும் பட்டடையும்

1152-ஆம் வருஷம். இங்கிலாந்தில் நியூபரி என்னும் இடத்திலிருந்த கோட்டையை ஸ்டீபன் மன்னர் முற்றுகையிட்டிருந்தார். கோட்டைக்குடைய ஜான் மார்ஷல் பிரபு, சரணடைய அவகாசம் கேட்டு, பிணையாகத் தம் இளைய மகன் வில்லியத்தை ஒப்படைத்தார். பையனுக்கு வயது ஐந்தோ ஆறோதான். அவகாசம் கிடைத்ததும் தகப்பனார் கோட்டைக்குள் ஆட்களையும் உணவையும் நிரப்பிக்கொண்டார்! "பிள்ளையைத் தூக்கிலிடுவோம்" என்று தூது போயிற்று. இவனிலும் நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கத் தம்மிடம் சுத்தியலும் பட்டடையும் இருக்கின்றன என்று பதில் வந்ததாம்.

பெற்றவருக்கு இல்லாத இரக்கம் பகைவருக்கு இருந்தது. ஸ்டீபன் சிறுவனைக் கொல்லவில்லை. கூடாரத்தில் அவனோடு உட்கார்ந்து, செடித் தண்டுகளைப் போர்வீரர்களாக்கி விளையாடினாராம்.

மூத்தவர்கள் இருந்தபடியால் வில்லியத்துக்குக் காணி நிலமும் கிடைக்கவில்லை. ஆகவே பந்தயப் போர்களில் இறங்கினார். தோற்றவனின் குதிரையும் கவசமும் வென்றவனுக்குச் சொந்தம். பணயத் தொகை வேறு. கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து பத்தே மாதத்தில் 103 வீரர்களைச் சிறைப்பிடித்தார் என்கிறது அவருடைய சரிதம்.

1189-இல் இரண்டாம் ஹென்றி மன்னரை அவர் மகன் ரிச்சர்டே துரத்தி வந்தபோது, வில்லியம் குறுக்கே பாய்ந்து ரிச்சர்டின் குதிரையை ஈட்டியால் குத்திக் கொன்றார். சில வாரங்களில் அந்த ரிச்சர்டே அரசரானார். தலை போகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, வேல்ஸிலும் அயர்லாந்திலும் பெருநிலங்களுக்கு வாரிசான இசபெல் என்ற யுவதியை வில்லியத்துக்கே மணமுடித்து வைத்தார்! எஜமானனைக் கைவிடாதவன் தம்மையும் கைவிட மாட்டான் என்று கணக்கிட்டார் போலும்.

அடுத்து வந்த ஜான் மன்னர் சந்தேகப் பிராணி. வில்லியத்தின் புதல்வர்கள் இருவரைப் பிணையாகக் கேட்டார். தாமே பிணையாக நின்ற அந்த மனிதர், பிள்ளைகளைக் கொடுத்தார். ஆனால் தகப்பனாரைப் போல வாக்குத் தவறவில்லை. பிள்ளைகள் உயிரோடு திரும்பினார்கள்.

1216-இல் ஜான் மறைந்தபோது வாரிசுக்கு வயது ஒன்பது. லண்டன் பிரெஞ்சு இளவரசன் லூயியின் கையில் இருந்தது. எழுபதை நெருங்கிய வில்லியம் ராஜப் பிரதிநிதியானார். ஜான் ஒப்புக்கொண்டு பின்பு உதறிய உரிமைச் சாசனமாகிய 'மாக்னா கார்ட்டா'வைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். 1217 மே மாதம் லிங்கன் நகரில் தாமே குதிரையேறிப் போரிட்டு வென்றார். 1219-இல் கண்மூடினார்.

அவருக்கு ஐந்து புதல்வர்கள். ஒருவர்பின் ஒருவராகப் பட்டமேற்ற ஐவரும் 1245-க்குள் மாண்டார்கள். ஒருவருக்கும் பட்டத்துக்குரிய வாரிசு இல்லை! நிலங்களெல்லாம் பெண்வழியில் துண்டு துண்டாகப் பிரிந்துபோயின. சுத்தியலும் பட்டடையும் இருந்தென்ன பயன்?

ஆனால், மூத்த மகன் ஒரு காரியம் செய்திருந்தார். தந்தையின் கதையைப் பிரெஞ்சு மொழியில் பத்தொன்பதாயிரம் அடிகளுக்கு மேல் பாட வைத்தார். பல நூற்றாண்டு மறைந்து கிடந்த அந்த ஏட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் கண்டெடுத்தார். செடித் தண்டோடு விளையாடிய சிறுவனை நாம் அறிவது அதனால்தான்.

நிலம் கைமாறிவிட்டது. கதை மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது.