ஆம்பூர் பிரியாணிக் கடைகள்

திருப்பத்தூர் மாவட்டத்துத் தோல் நகரான ஆம்பூரின் பெயரால் பல ஊர்களில் நடக்கும் உணவகங்கள். சங்கிலித்தொடர்க் கடைகளில் பெயர் ஒரு நிறுவனத்தின் சொத்து. இங்கே ஊர்ப்பெயரே முத்திரை. 1890-ஐத் தொடக்கமாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி கிளை பரப்பவில்லையா எனக் கேட்கலாம். பரப்பியது, ஆனால் அதன் பலகையிலும் ஆம்பூர் உண்டு. இந்தப் பிரியாணிக்கு ஆற்காடு நவாப் சமையலறையே மூலம் என்பார்கள். அது பிறப்பைச் சொல்லும், பரவலைச் சொல்லாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் தோல் வணிகப் போக்குவரத்தும்தான் பரவலுக்குப் பொருத்தமான காரணங்கள். ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுது, சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய்: ஆம்பூர் பிரியாணி என்பதற்குப் பலகையை விட இலைதான் சாட்சி. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது.