துளசிதாஸ் பலராம் - பாதியில் நின்ன ஆட்டம்

எங்க கச்சிராயபாளையத்துப் பசங்க மெஸ்ஸி அடிச்ச கோல் கணக்கை மூச்சு விடாம சொல்வானுங்க. பலராம்னா மட்டும் "யாருண்ணா அது?"ன்னு கேப்பானுங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

துளசிதாஸ் பலராம், தமிழ்ப் பெற்றோருக்கு 1936-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். 20 வயசிலேயே மெல்பர்ன் ஒலிம்பிக் அணியில் இடம். இந்தியா நாலாவதா வந்தது அப்பத்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிகிட்ட 2-1னு தோத்தோம். நம்ம பக்கம் விழுந்த அந்த ஒத்தை கோல் இவர் அடிச்சது. 1961-ல் ஈஸ்ட் பெங்கால் கேப்டன். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், அர்ஜுனா விருது.

1963-ல் நுரையீரல் நோய். அதோட ஆட்டம் முடிஞ்சுது. வயசு முப்பதுகூட ஆகலை.

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம்னு மூணு பேரையும் ஒரே மூச்சில்தான் சொல்வாங்க. முதல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ வந்தது (1983, 1990). பலராமுக்கு வரவே இல்லை. அந்த வருத்தத்தோடயே 2023 பிப்ரவரி 16-ல் கொல்கத்தாவில் காலமானார்.

எத்தனை வருஷம் ஆடினார்னு அளந்தா சின்னக் கணக்குதான். ஆனா அந்த ஏழெட்டு வருஷத்தை எடுத்துட்டா இந்திய கால்பந்தோட பொற்காலத்தில் என்னங்க மிச்சம் இருக்கும்?