உறங்கும் மரபணுக்கள் – 11: உளுந்தங்காட்டு யுத்தம்

1998-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவொன்றின் உடலில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, தாம் குறித்த மரபணுவை மட்டும் வாயடைக்கச் செய்த அந்த மகத்தான திருப்பத்தை இந்த வாரம் விஸ்தாரமாகச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்த வித்தையைப் புழுவுக்கு முன்னரே மனிதன் கண்ணெதிரே நடத்திக் காட்டியவை வாய் பேசாத செடிகள்தாம் என்பதைச் சொல்லாமல் புழுவுக்கு மாலை சூட்டுவது தர்மமாகாது.

1928-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்டு என்பவர், வளையப்புள்ளி வைரஸ் பீடித்த புகையிலைச் செடிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்: அடி இலைகள் வெந்து கருகிக் கிடக்க, அதே செடியில் பின்னர் துளிர்த்த மேல் இலைகள் மாசு மறுவின்றி இருந்ததோடு, அவ்வைரஸை மீண்டும் தேய்த்தாலும் நோய் கொள்ளவில்லை. 1990-இல் ரிச்சர்டு ஜார்கன்சனும் அவர் சகாக்களும் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை மேலும் அடர்த்தியாக்க எண்ணி, நிறம் தரும் மரபணுவின் பிரதியொன்றை உபரியாகச் சேர்க்கப் போய், வெள்ளைப் பூக்களைப் பெற்றார்கள். புது மரபணுவோடு சேர்ந்து பழையதும் ஊமையாயிற்று. 1999-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், இத்தனைக்கும் சூத்திரதாரி சுமார் 25 எழுத்து நீளமுள்ள சிற்றார்.என்.ஏ. என்பதைச் செடியிலேயே கண்டுபிடித்தார்கள். அப்படியிருக்க, 2006-இல் நோபல் பரிசு புழுக்காரர் இருவருக்கு மட்டுமே போயிற்று. பரிசுக் குழுவினர் என்ன நியாயம் சொன்னாலும் என் மனம் அதை ஏற்கவில்லை.

இரட்டை இழை ஆர்.என்.ஏ. தென்பட்டதும் டைசர் என்னும் நொதி அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறது என்பதை முன் அத்தியாயங்களில் வாசகர்கள் அறிவார்கள். அத்துண்டின் ஓர் இழையை ஏந்திக்கொண்டு ஆர்கோனாட் என்னும் புரதம், தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர்ப் பட்டியலும் கையுமாக நிற்கும் கணக்கப்பிள்ளையைப் போல, வருகிற செய்தி ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தியதை வெட்டி எறிகிறது. இது ஒரு வழி. இதைவிட ஆழமான வழி ஒன்று செடிகளுக்கு உண்டு. 24 எழுத்துத் துண்டுகள் உயிரணுவின் கருவுக்குள்ளேயே புகுந்து, மரபணுவின் எழுத்தில் ஒன்றைக்கூட மாற்றாமல் அதன்மேல் மீதைல் என்னும் ரசாயன முத்திரை விழும்படி செய்துவிடுகின்றன. முத்திரை விழுந்த இடம் ஹிஸ்டோன் புரதங்களோடு இறுகிச் சுருண்டு, வாசிப்பாரின்றிக் கிடக்கிறது.

இந்த இரண்டாவது வழியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் என் புத்தி புழுவை விட்டு உளுந்துக்குத் தாவிற்று. சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியில் குடியிருப்பவனுக்கு உளுந்தை மறப்பது எளிதன்று. குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கி வருகிற யாத்திரீகர்களுக்காக விடிவதற்குள்ளேயே வடைச் சட்டி காயத் தொடங்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் உளுந்து இறக்குமதியை நிறுத்தியபோது தோசைக்கடைக்காரர்கள் பட்ட பாட்டை நாம் நேரில் கண்டோம். நம் முன்னோர் பலர் கப்பலேறுமுன் உழுத மதுரைச் சீமையிலேயே அந்த உளுந்தின் யுத்தமும் நடந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட சங்கதி.

உளுந்தின் ஜன்ம விரோதி மஞ்சள் தேமல். வெள்ளை ஈ வந்து உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்போதே வைரஸை இறக்கிவிட்டுப் போகிறது. பச்சை இலையில் முதலில் சிதறிய மஞ்சட் புள்ளிகள், பிறகு அவை பரவி ஒன்றோடொன்று கலந்த திட்டுகள், கடைசியில் இலை முழுதும் மஞ்சள் பூத்து, காய்கள் குறுகி, உள்ளே சூம்பிய மணிகள். இரு சிறு வட்ட டி.என்.ஏ.க்களே அவ்வைரஸின் சொத்து; ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். இத்தனை சொற்பமான மூலதனத்தைக்கொண்டு ஒரு வயலையே சூறையாடுகிற இந்தத் துஷ்டனை வில்லன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேலுத்தம்பியும் அவர் மாணவர் சிவப்பிரசாத்தும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து தாமஸ் ஹோன், மிக்கைல் பூகின் ஆகியோரோடு கூடி இவ்வைரஸின் மர்மஸ்தானத்தைக் குறிவைத்தார்கள். அது எந்தப் புரதத்துக்கும் செய்தி தராத ஒரு சிறு பகுதி. இருபுறத்து மரபணுக்களையும் ஒருங்கே முடுக்கிவிடுகிற விசை அது. அந்த விசைக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்கக்கூடிய டி.என்.ஏ.வை நுண்ணிய உலோகத் துகள்களில் ஏற்றி, நோயுற்ற உளுந்து இலைகளின்மேல் அதிவேகமாகப் பாய்ச்சினார்கள். அதன் பின்னர் விட்ட புதுத் துளிர்கள் பசுமையாக வந்தன. செடிகள் பலவும் நோயினின்று மீண்டன. 2003-இல் நேச்சர் பயோடெக்னாலஜி ஏடு இதை வெளியிட்டது. செய்தியாக வெளிவராத இடத்தைக் குறிவைத்து வெற்றி கண்டமையால், வெட்டி எறிகிற முதல் வழியைவிட, கருவினுள்ளே முத்திரையிடுகிற இரண்டாம் வழியே இங்கு வேலை செய்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விங்கார்டின் புகையிலை தானாகச் செய்துகொண்ட வைத்தியத்தை, எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து மதுரையில் மனிதன் செடிக்குச் செய்தான்.

எதிரியும் சும்மா இருப்பவனல்லன். இவ்வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பாசிப்பயற்று மஞ்சள் தேமல் வைரஸிடம் ஏ.சி.2 என்றொரு புரதம் இருக்கிறது; செடியின் இந்த வாயடைக்கும் தந்திரத்தையே அது முறியடித்துவிடும் என்று அதே பாசல் ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் காட்டினார்கள். வில்லனானாலும் அவன் சாமர்த்தியத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை.

ஆயினும் வயலில் நிற்கிற ஒவ்வொரு செடிமேலும் உலோகத் துகளைப் பாய்ச்சிக்கொண்டிருக்க எந்த விவசாயியாலும் ஆகாது. தேமலைத் தாங்குகிற ரகங்களையும் வெள்ளை ஈயை விரட்டும் உபாயங்களையுமே அவன் நம்பியிருக்கிறான். சிவப்பிரசாத் பின்னர் பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்துக்குச் சென்று, நெற்பயிரின் சிற்றார்.என்.ஏ.க்களை ஆராயத் தலைப்பட்டார். அவர் அங்கே கண்டவற்றுக்குத் தனி அத்தியாயமே வேண்டும். ஃபயரும் மெல்லோவும் அவர்களுடைய புழுவும் அதற்கு முன், அடுத்த வாரம் வருவார்கள்.

(தொடரும்)